உப்புக்குத் திறக்காத கதவு

நவம்பர் 3, திங்கள்

என் பெயர் ஏகாம்பரம். இதை நானே எழுதுகிறேன். எழுபத்திரண்டு வயதில் எழுதுகிறேன். மேலே இருக்கும் தேதியையும் காலண்டரில் பார்த்து நானே எழுதினேன்.

இந்த நோட்டு டீச்சரம்மா கொடுத்தது. தினமும் ஏதாவது எழுதுங்கள், அப்போதுதான் கை பழகும் என்றார். என்ன எழுதுவது என்று கேட்டேன். வீட்டில் நடப்பதை எழுதுங்கள் என்றார். எங்கள் வீட்டில் நடப்பது சண்டை. ஆகவே அதை எழுதப்போகிறேன்.

வீடு மூன்றாவது மாடியில். ஆற்றோரக் குடிசைகளை இடித்தபோது எங்களுக்கென்று ஊருக்கு வெளியே கட்டிய வீடுகளில் ஒன்று. ஓர் அறை, ஒரு கூடம், ஒரு சமையல் மூலை. நான்கு பேர் இருக்கிறோம். என் மகள் மேகலா, அவள் கணவன் சுகுமார், சுகுமாரின் அம்மா சந்திரமதி, நான். சுகுமார் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பான். மேகலா செருப்புக் கம்பெனிக்குக் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். பகல் முழுதும் வீட்டில் நானும் சம்பந்தி அம்மாவும் மட்டும்.

வீடு சம்பந்தி அம்மாவின் பெயரில் இருக்கிறது. இதை அவர் ஒருநாளும் மறப்பதில்லை. என்னையும் மறக்க விடுவதில்லை. அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். காலையில் பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்வார். "படம் பாக்கறதுன்னா சொல்லுங்க சம்மந்தி, தர்றேன்" என்பார். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்தேன்.

இன்று நான் நோட்டைத் திறந்து உட்கார்ந்ததும், "இன்னா சம்மந்தி, உயிலா?" என்று கேட்டார். "எழுதி வைக்கறதுக்கு ஒரு கோவணமாவது சொந்தமா கீதா?"

நான் பதில் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன். பதில் சொல்வதைவிட இது நன்றாக இருக்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

கை வலிக்கிறது. மகிழ்ச்சியாக இருக்கிறது.

நவம்பர் 5, புதன்

இன்று நிறைய எழுத வேண்டும்.

வகுப்பு ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் நடக்கிறது. எங்களுக்கு முன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன். இரண்டுக்கும் ஒரே டீச்சரம்மாதான், பெனிட்டா. சின்னப் பெண், கல்லூரியில் உயிரியல் படித்தவர். இன்று அவர் போர்டை அழிக்க மறந்துவிட்டார். போர்டின் உச்சியில் ஏதோ எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டினேன். செல் சவ்வு. சத்தமாகவே படித்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் சொல்லித்தராத சொல்லை நானாகப் படித்தது இதுதான் முதல் தடவை.

கீழே ஒரு படம். குண்டூசி போலத் தலை, ஒவ்வொரு தலைக்கும் இரண்டு கால். நிறையப் பேர் வரிசையாக நின்றார்கள். இவர்கள் யார் என்று கேட்டேன்.

டீச்சரம்மா சிரித்துவிட்டுச் சொன்னார். நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால் ஆனதாம். ஒவ்வோர் அறையையும் சுற்றி ஒரு மெல்லிய தோல். அதுதான் சவ்வு. அது ஒருவகைக் கொழுப்பால் ஆனது. இந்தத் தலைகளுக்குத் தண்ணீர் பிடிக்கும். கால்களுக்குத் தண்ணீரே ஆகாது. ஆனால் அறைக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். என்ன செய்வார்கள்? இரண்டு வரிசையாக நின்றுகொள்வார்கள். ஒரு வரிசையின் தலை வெளியே பார்க்கும், இன்னொரு வரிசையின் தலை உள்ளே பார்க்கும். கால்களை எல்லாம் நடுவில் மறைத்துக்கொள்வார்கள்.

"புயல் வந்தப்ப ஸ்கூல்ல எங்களைப் படுக்கவச்சாங்களே, அது மாதிரி" என்றேன். "ரெண்டு வரிசை. தலை செவுத்துப் பக்கம், காலெல்லாம் நடுவுல. எல்லாரும் எல்லாரையும் ஒதைச்சிக்கினு கெடந்தோம்."

"அதேதான் தாத்தா" என்றார் டீச்சரம்மா. "ஆனா இது செவுரு மாதிரி இறுகி நிக்காது. எண்ணெய் மாதிரி நகர்ந்துக்கிட்டே இருக்கும். யாரு உள்ள வரலாம், யாரு வெளிய போகலாம்னு அதுதான் முடிவு பண்ணும். காத்து நேரா உள்ள போயிடும். மத்ததுக்கெல்லாம் தனித்தனியா கதவு இருக்கு."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எழுபத்திரண்டு வருடமாக இத்தனை கதவுகளை உடம்பில் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சம்பந்தி அம்மாவிடமே சொல்லிவிட்டேன்.

அவர் முழுதும் கேட்டார். பிறகு, "யாரை உள்ள வுடறது, யாரை வுடக்கூடாதுன்னு அதுக்குத் தெரியும்னு சொல்றீங்க" என்றார்.

"ஆமாம் சம்மந்தியம்மா."

"இந்த வூட்டுக்கு அப்படி ஒண்ணு இல்லாம போச்சே. இருந்திருந்தா நீங்க எப்படி உள்ள வந்திருப்பீங்க?"

நவம்பர் 6, வியாழன்

மூன்று நாள் மழையில் சாக்கடை பொங்கி, கீழ்த்தொட்டித் தண்ணீரில் கலந்துவிட்டது. எங்கள் பிளாக்கில் வீட்டுக்கு ஒருவர் வாந்தியும் பேதியுமாகப் படுத்திருக்கிறார். எதிர் பிளாக்காரர்கள்தான் தொட்டி மூடியைத் திறந்து போட்டார்கள் என்று எங்கள் பிளாக்காரர்கள் சொல்கிறார்கள். எதிர் பிளாக்கில் எங்களைச் சொல்கிறார்கள். குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தால் அடித்துக்கொண்டார்கள்.

நர்ஸம்மா வந்து வீட்டுக்கு இரண்டு பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். பேதியானால் ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். உப்பும் தண்ணீரும் உடம்பில் இருந்து போய்விடும், அதைத் திருப்பித் தர வேண்டும் என்றார். மேகலா இரண்டு குண்டான் தண்ணீர் காய்ச்சி மூடி வைத்தாள். யாரும் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

சம்பந்தி அம்மா குழாய்த் தண்ணீரைத்தான் குடித்தார். காய்ச்சின தண்ணீரில் புகை வாடை வருகிறதாம். "நான் பாக்காத தண்ணியா" என்றார்.

நவம்பர் 7, வெள்ளி

சம்பந்தி அம்மாவுக்கு விடியற்காலையில் இருந்து வயிற்றுப்போக்கு. அவர் படுப்பது அறையில், நான் கூடத்தில். ஆகவே அவர் ஒவ்வொரு தடவையும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். "காலை மடக்குங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். பிறகு சொல்வதை விட்டுவிட்டு மிதித்துக்கொண்டு போனார்.

மேகலா பாக்கெட்டைப் பிரிக்கப் போனாள். சம்பந்தி அம்மா அதை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். குளுக்கோஸ் என்று எழுதியிருந்தது. உடனே தூக்கிப் போட்டுவிட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி. அவர் வீட்டுக்காரருக்கும் அதுதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள், பிறகு ஆளே திரும்பி வரவில்லை. ஆகவே அவர் காப்பிக்கும் சர்க்கரை போடமாட்டார், ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கமாட்டார்.

"நைனா, அதைக் குடுத்துடாதே. அத்தைக்குச் சுகர் ஏறிடும்" என்றாள் மேகலா. "வெறும் உப்புத் தண்ணி கரைச்சுக் குடு. சொம்புக்கு ஒரு சிட்டிகை." விரலைச் சேர்த்துக் காட்டினாள். அவள் லீவு போட்டால் சம்பளத்தோடு வேலையும் போய்விடும். போய்விட்டாள்.

ஆக, சம்பந்தி அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் வேலை எனக்கு. கடவுள் இருக்கிறார்.

என் சிட்டிகை பெரியது. மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி தூக்கின கை. இரண்டு சிட்டிகை போட்டேன். பிறகு இன்னும் கொஞ்சம் போட்டேன். உப்பு போய்விடுகிறது என்று நர்ஸம்மாவே சொன்னாரே. சம்பந்தி அம்மா ஒரு வாய் குடித்து முகத்தைக் கோணினார். வெற்றிலைக்குப் பதில் வேப்பிலையை மென்றவர் போல இருந்தது அந்த முகம்.

"இன்னா சம்மந்தி, கடல்ல மொண்டாந்தீங்களா?"

"டாக்டர் சொன்ன அளவு. கண்ணை மூடிக்கினு குடிங்க."

மூன்று சொம்பு குடிக்க வைத்தேன். இத்தனை வருடத்தில் நான் சொல்லி அவர் ஒன்று செய்தது இதுதான். நல்ல நாள்.

நவம்பர் 8, சனி

பேதி நிற்கவில்லை. இப்போது வாந்தியும் சேர்ந்துகொண்டது. திட்டுவது குறைந்திருக்கிறது. காலையில் என்னை ஒரு தடவைதான் திட்டினார், அதுவும் பாதியில் நிறுத்திவிட்டார். வீடு அமைதியாக இருந்தது. நான் பேப்பரை எடுத்துக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். தலையணைக்குக் கீழே இருந்துதான் எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தாகம் என்றார். உப்புத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடியும் தாகம் என்றார். மறுபடியும் கொடுத்தேன்.

குடம் எடுக்கக் கீழே போனபோது இரண்டாம் மாடி ராஜாத்தி நாலு பேர் நடுவில் கேட்டாள். "இன்னா தாத்தா, பெரியம்மா போயிடும் போலக்கீதாமே? ரூமு உனக்கா இனிமே?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒன்று கேட்டேன். அதை எழுதினால் டீச்சரம்மா படித்துவிடுவார்.

ராத்திரி மேகலா வந்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். சம்பந்தி அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வர மறுத்துவிட்டார். "போனவரு போதும்" என்றார். நாளை ஞாயிறு, ஆனால் மேகலாவுக்கு வேலை வைத்திருக்கிறார்கள்.

பேப்பரை மடித்து எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று காலை வகுப்பில் நடந்ததை எழுதுகிறேன். பிறகு மற்றதை.

டீச்சரம்மா, "சம்பந்தி அம்மா எப்படி இருக்காங்க தாத்தா?" என்று கேட்டார். எங்கள் சண்டைக் கதைகள் வகுப்பில் பிரபலம். நானும் கதை சொல்லுகிற மாதிரியே ஆரம்பித்தேன்.

"ரெண்டு நாளா உப்புத் தண்ணியில ஊறப் போட்டிருக்கேன், நார்த்தங்கா மாதிரி. வாய் அடங்கிப் போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. "உப்புத் தண்ணியா? பாக்கெட் தரலையா?"

"அதுல சர்க்கரை கீது. அவங்களுக்கு ஆவாது. அதான் வெறும் உப்பு."

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, போர்டில் அந்த இரண்டு வரிசையை மறுபடியும் வரைந்தார். தலைகள், கால்கள். நடுவில் சில ஆட்களை அழித்துவிட்டு ஒரு கதவு போட்டார்.

"இது குடல்ல இருக்கற செல்லோட சவ்வு தாத்தா. இந்தப் பக்கம் குடிச்ச தண்ணி. அந்தப் பக்கம் உடம்பு. உப்பு தண்ணியில கரைஞ்சதுன்னா இந்தக் கொழுப்பைத் தாண்டிப் போகவே முடியாது. கதவு வேணும். இந்தக் கதவுக்கு ஒரு பழக்கம். உப்பு தனியா வந்து நின்னா விடாது. சர்க்கரை தனியா வந்தாலும் விடாது. ரெண்டும் சேர்ந்து வந்தாத்தான் உள்ள தள்ளும். அதுங்க உள்ள போனா, பின்னாலயே தண்ணி போகும். பேதியில மத்த வழியெல்லாம் கெட்டாலும் இந்தக் கதவு கெடாது. அதை நம்பித்தான் அந்தப் பாக்கெட்டே. அதுல சர்க்கரை இனிப்புக்காக இல்ல. கதவைத் திறக்கறதுக்கு."

"அப்ப வெறும் உப்பு?"

"வாசல்லயே நிக்கும்."

பின்வரிசையில் யாரோ, ஜோடியா வந்தாத்தான் டிக்கெட் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

நான் ஒன்று கேட்டேன். பொதுவாகத்தான் கேட்டேன். யாராவது ஒருவர் கொஞ்சம் அதிகமாக உப்புப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று.

"எவ்வளவு அதிகமா?"

"பொதுவா கேக்கறேன்."

"தண்ணி எப்பவும் உப்பு எங்க ஜாஸ்தியோ அங்க போகும் தாத்தா. குடல்ல உப்பு ஜாஸ்தியானா, உடம்புல மிச்சம் இருக்கற தண்ணியும் சவ்வைத் தாண்டி அங்க வந்துடும். கொஞ்சம் உப்பு ரத்தத்துல ஏறினாலும் அதே கதைதான், செல்லுக்குள்ள இருக்கற தண்ணி வெளிய வந்து செல்லெல்லாம் சுருங்கிப்போகும். குடிக்கக் குடிக்கத் தாகமா இருக்கும். குடிக்கக் குடிக்கக் காஞ்சு போவாங்க." அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏன் தாத்தா?"

"சும்மாத்தான்."

நான் எழுந்துவிட்டேன். டீச்சரம்மா கூடவே வாசல் வரை வந்தார். சர்க்கரை வியாதி இருப்பவர்களுக்கும் இதே பாக்கெட்தான், நர்ஸுக்குப் போன் செய்து சுகர் பார்க்க வரச் சொல்கிறேன், அதுவரை சுகர் மாத்திரை கொடுக்காதீர்கள் என்றார். "ஒரேயடியா ஊத்தாதீங்க, வாந்தி எடுப்பாங்க. ஒரு வாய், கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு வாய். மயக்கமா இருந்தாலோ, ராத்திரிக்குள்ள ஒண்ணுக்குப் போகலைன்னாலோ யாரையும் கேக்காதீங்க, நூத்தியெட்டுக்குச் சொல்லிடுங்க."

மாடி ஏறியது நினைவில் இல்லை.

சம்பந்தி அம்மா குளியலறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் உள்ளே போயிருந்தது. கையைத் தொட்டுப் பார்த்தேன். தோலைப் பிடித்து விட்டால் பிடித்தபடியே மடிந்து நின்றது, கீழே இறங்க நேரம் ஆயிற்று. அந்தக் கை என் கையைத் தள்ளிவிட்டது.

"இன்னா, ஸ்கூலு அதுக்குள்ள வுட்டாச்சா?" குரல் பாதிதான் வந்தது.

நான் மூலையில் கிடந்த பாக்கெட்டைத் தேடி எடுத்து, மேகலா காய்ச்சி வைத்த தண்ணீரில் கரைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல சர்க்கரை கீது. நானே படிச்சேன்."

"கீது. அது இருந்தாத்தான் உப்பு உள்ள போவும். உப்பு போனாத்தான் தண்ணி போவும். உங்க கொடல்ல ஒரு கதவு இருக்கு சம்மந்தியம்மா. ரெண்டும் சேந்து வந்தாத்தான் தொறக்கும்."

"எனக்கு வயித்துல கதவு. உங்களுக்கு மூளையில."

"குடிங்க."

"எங்க வூட்டுக்காரரு சர்க்கரையிலதான் போனாரு. இப்ப நீங்க எனக்கு அதையே கரைச்சி எடுத்தாறீங்க. வூடு எம் பேர்ல கீது. நான் போயிட்டா எம்மவனுக்கு. எம்மவன் உங்க பொண்ணு பேச்சைத் தாண்டமாட்டான். அப்புறம் ரூமுல நீங்க காலை நீட்டிப் படுக்கலாம். கீழ அதைத்தான பேசிக்கறாங்க?"

டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனேன். தட்டிவிட்டார். பாதி என் வேட்டியில் கொட்டியது. பலம் இல்லாத கை, ஆனாலும் தட்டத் தெரிந்திருந்தது.

போர்டில் இருந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். தலை, கால், இரண்டு வரிசை, கதவு. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "வாயால சொல்றதை நான் நம்பமாட்டேன்" என்றார். "எழுதிக் குடுங்க. எழுதத் தெரியுமில்ல இப்ப? எனக்கு இன்னா ஆனாலும் நீங்கதான் காரணம்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. குடிக்கறேன்."

"எழுதறேன். ஆனா எனக்கு எழுத நேரமாவும், உங்களுக்கே தெரியும். வார்த்தைக்கு ஒரு வாய் குடிங்க. அதுக்கு ஒத்துக்கினா எழுதறேன்."

அவர் யோசித்தார். "சரி" என்றார்.

இந்த நோட்டில் இருந்துதான் ஒரு தாளைக் கிழித்தேன். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். டம்ளரை அவர் மடியில் வைத்தேன். அவர் சொன்னார், நான் எழுதினேன். நான். ஒரு வாய். ஏகாம்பரம். ஒரு வாய். எழுதுவது. ஒரு வாய். இத்தனை நாள் என் கை ஏன் இப்படி நகர்கிறது என்று எரிச்சலாக இருக்கும். இன்று ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு தடவை சுழித்தேன்.

நடுவில் அவர் தலை சாய்ந்தது.

"சம்மந்தியம்மா. காரணத்துக்கு எந்த ர?"

கண் திறந்தது. "இது கூடவா தெரியாது?"

"தெரியாது. சொல்லுங்க."

"ஆட்டோவுல பிரசவத்துக்கு இலவசம்னு போட்டிருக்கே, அந்த ர. வகுப்பாம் வகுப்பு."

எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு எல்லா எழுத்துக்கும் கேட்டேன். கேட்கக் கேட்கத் திட்டினார். திட்டத் திட்டக் குடித்தார். ஒரு டம்ளர் முடிந்து இன்னொன்று ஊற்றினேன். ஒரு தடவை வாந்தி எடுத்தார். துடைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் விட்ட சொல்லில் இருந்து ஆரம்பித்தோம். ஜன்னல் வெயில் சுவரில் ஏறி மறைகிற வரைக்கும் எழுதினோம்.

எழுதியது இதுதான். நான் ஏகாம்பரம் எழுதுவது. நான் கொடுத்த தண்ணீரால் சம்பந்தி சந்திரமதி அம்மாளுக்கு ஏதாவது ஆனால் அதற்கு நானே காரணம். வேறு யாரும் இல்லை.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் கண்ணாடி கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். மெதுவாகப் படித்தார்.

"சர்க்கரைத் தண்ணியாலன்னு சொன்னேன். வெறும் தண்ணின்னு போட்டிருக்கீங்க."

"சர்க்கரை எனக்கு எழுத வராது."

அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். நான் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். "ஊத்துங்க" என்றார். இந்தத் தடவை ஒன்றும் எழுதாமலே குடித்தார்.

மேகலா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கெட்டைப் பற்றி எல்லாவற்றையும். நர்ஸம்மா வந்து விரலைக் குத்திப் பார்த்தார். சுகர் கூடுதல்தான், ஆனால் பயப்படுகிற அளவு இல்லை, இதையே விடாமல் கொடுங்கள், ஒண்ணுக்குப் போகிறாரா என்று மட்டும் பாருங்கள் என்றார். இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ். மேகலா கூடத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். குளியலறைக் கதவைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

வேறு எழுத எதுவும் இல்லை. உட்கார்ந்திருக்கிறேன்.

நவம்பர் 10, திங்கள்

மேகலா ஆம்புலன்ஸுக்குப் போன் போடப் போன சமயத்தில் சம்பந்தி அம்மா எழுந்து போய் ஒண்ணுக்குப் போனார். கதவுக்கு வெளியே நின்று சத்தத்தைக் காதால் கேட்டேன்.

நவம்பர் 12, புதன்

கஞ்சி குடிக்கிறார். பேதி நின்றுவிட்டது. திட்டு வந்துவிட்டது. நான் நடக்கிற சத்தம், இருமுகிற சத்தம், எழுதுகிற சத்தம் எதுவும் பிடிக்கவில்லை. பேனா கீச்சுக் கீச்சென்கிறதாம்.

சுகுமார் நாக்பூரில் இருந்து போன் செய்தான். அம்மாவிடம் பேசினான். அவர் பேசியதைக் கூடத்தில் இருந்து கேட்டேன். "உங்க மாமனாருதான்டா பாத்துக்கினாரு. மொத நாள்ல இருந்து எல்லாம் அவரு கையாலதான். தண்ணி, உப்பு, எல்லாம் அவரே போட்டாரு." பிறகு, "நல்லா பாத்துக்கினாரு" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் அறையில் இருந்து கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலண்டரில் நாளைய தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்புக்குப் போனேன். டீச்சரம்மா எல்லோருக்கும் முன்னால், தாத்தா ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார், கை தட்டுங்கள் என்றார். தட்டினார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

அந்தத் தாளைக் கேட்டேன். ஒன்றும் ஆகவில்லையே, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"எதுக்கு?" என்றார் சம்பந்தி அம்மா. "உண்மையைத்தான எழுதியிருக்கீங்க?"

நவம்பர் 14, வெள்ளி

இன்று சம்பந்தி அம்மா எழுந்து சமைத்தார். மேகலா வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. நெத்திலிக் குழம்பு. வீடு முழுதும் வாசனை. மேகலா வேலையில் இருந்து வந்ததும் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். சம்பந்தி அம்மாதான் பரிமாறினார். எனக்கு மட்டும் ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்திருந்தார். நோய் வந்த வீட்டில் பாத்திரம் பிரித்து வைப்பது வழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"அத்தே, எத்தினி நாளாச்சு இப்படிச் சாப்ட்டு. சூப்பரா கீது" என்றாள் மேகலா. அவள் வேகமாகச் சாப்பிட்டாள்.

நான் ஒரு வாய் எடுத்து வைத்தேன். புளி இருந்தது, காரம் இருந்தது, மீன் இருந்தது. உப்பு இல்லை. குறைவாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒரு கல்கூட விழாத குழம்பு. சோற்றிலும் இல்லை. உப்பு ஜாடி எப்போதும் இருக்கும் அலமாரியில் இல்லை. சம்பந்தி அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தது.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை.

"இன்னா சம்மந்தி, உப்பு ஒறப்பெல்லாம் சரியா கீதா?"

மேகலா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சரியா கீது சம்மந்தியம்மா" என்றேன்.

"சொல்லுங்க. வேணும்னா போட்டுக்கலாம்."

"வேணாம். சரியான அளவு."

கிண்ணத்தைக் காலி செய்தேன். பிறகு அதை அவரிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் கேட்டேன். அவர் கரண்டியை எடுத்து, எனக்கென்று தனியாக வைத்திருந்த சட்டியில் இருந்து, கிண்ணம் நிறைய ஊற்றினார்.